பரங்கி என்றொரு வசைச்சொல்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டி, கிண்டியைக் கடந்தவுடன் ஒரு நிலையத்தில் நிற்கும். தமிழில் ‘பரங்கிமலை’ என்றும் ஆங்கிலத்தில் ‘செயின்ட் தாமஸ் மவுண்ட்’ என்றும் அதன் பலகையில் எழுதியிருப்பார்கள். குன்று ஒன்றுதான். ஆங்கிலப் பெயர் திருத்தூதரை நினைக்கிறது. தமிழ்ப் பெயரோ அக்குன்றின்மேல் கோவில் கட்டிய அயலாரை நினைக்கிறது. நாள்தோறும் அங்கே ஏறி இறங்கும் மக்களுள் எவருக்கும் அப்பெயர் ஒரு வசையாகத் தோன்றுவதில்லை. கடலூருக்குத் தெற்கே வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. நம் வீட்டு அடுப்பில் பரங்கிக்காய் வேகிறது. மார்கழி விடியலில் வாசல் கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்து, அதன்மேல் பரங்கிப்பூவைச் செருகும் தாய்மார், தாம் கையில் எடுப்பது ஒரு காலத்தில் வாசற்படியை மிதிக்கக் கூடாதென்று விலக்கப்பட்டவர்களின் பெயரைத் தாங்கிய பூ என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரை நகரில் ஒருவரைப் பரங்கி என்று சுட்டினால், அவர் இல்லத்தில் மேற்குலத்தார் கால் வைக்கமாட்டார். அவர் தொட்ட நீரைப் பருகமாட்டார். அவர் சொல்லும் வேதத்தைச் செவியில் வாங்கவுமாட்டார். தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதுவோர் பேரரசர்களையும் புனிதர்களையும் பற்றி நிரம்ப எழுதிவிட்டார்கள். அவ்வரலாற்றின் போக்கையே திருப்பிய இச்சிறு சொல்லுக்கு ஒரு பத்திக்கு மேல் இடம் கொடுத்தவர் சிலரே. ஆகவே அதனையே சற்று நின்று நோக்கலாம் என எண்ணுகிறேன்.

சொல்லின் பிறப்பிடம் நம் நாடன்று. ஐரோப்பாவில் ‘பிராங்கு’ என்றொரு இனத்தார் இருந்தனர். பிரான்சு நாட்டின் பெயர் அவர்களிடமிருந்து வந்ததே. 1095ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் உர்பானின் அழைப்பை ஏற்று மேலை நாட்டார் எருசலேமை நோக்கிப் படையெடுத்தபோது, அப்படையில் பிராங்கு வழியினர் மிகுந்திருந்தனர். 1099இல் நகரம் வீழ்ந்தது. அங்கு நடந்த படுகொலையை அரபு மக்கள் மறக்கவில்லை. வந்தவர் நார்மானியரோ, செர்மானியரோ, இத்தாலியரோ, அரபியருக்கு எல்லாரும் ‘இஃப்ரஞ்சு’ ஆயினர். பாரசீக மொழியில் அது ‘ஃபரங்கி’ ஆயிற்று. வணிகக் கப்பல்களில் மிளகோடும் குதிரையோடும் அச்சொல்லும் இந்துமாக்கடலைக் கடந்தது. ஆக, 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் நங்கூரம் இறக்குவதற்கு முன்பே அவருக்குரிய பெயர் அக்கடலில் உலவிக்கொண்டிருந்தது. சிலுவையின் பெயரால் சிந்தப்பட்ட குருதியின் நினைவு அதனுள் உறைந்திருந்தது.

அச்சொல் சென்ற இடங்களை எண்ணினால் வியப்பே தோன்றும். தாய்லாந்தில் வெள்ளையர் இன்றும் ‘ஃபராங்’ எனப்படுகின்றனர். சீனர் போர்ச்சுக்கீசியரை ‘ஃபோலாங்ஜி’ என்றனர். அவர்கள் கொணர்ந்த பீரங்கிக்கும் அதே பெயரை இட்டனர். மலையாளத்தார் முந்திரி மரத்தைப் பறங்கிமாவு என்கின்றனர். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பூசணி வகையொன்று நம்மிடம் பரங்கிக்காய் ஆயிற்று. இவையெல்லாம் நல்ல வரவுகள். நல்லன அல்லாதனவும் வந்தன. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிசிரர் என்னும் ஆயுர்வேத ஆசிரியர் தம் ‘பாவப்பிரகாசம்’ என்ற நூலில், பழைய நூல்களில் காணப்படாத ஒரு மேகநோயை ‘ஃபிரங்க ரோகம்’ என்று பெயரிட்டு விவரித்தார். தமிழில் அது பரங்கிப்புண். ஒரு மக்களின் பெயரே நோயின் பெயராகிவிட்டால், அதன்பின் அம்மக்கள் தங்களைப் பற்றி எத்தனை விளக்கம் கூறினாலும் பயனில்லை.

இந்நிலையில் ‘பரங்கி’ என்பது நாட்டைச் சுட்டும் பெயரா, ஒழுக்கத்தைச் சுட்டும் பெயரா? போர்ச்சுக்கீசியர் அதனை நாட்டின் பெயர் என்றே கொண்டனர். தங்களைத் தமிழர் அவ்வாறு அழைக்கின்றனர், அவ்வளவே என எண்ணி, தாங்களும் அதை வழங்கலாயினர். தமிழரோ அதனைக் குலத்தின் பெயராகவும் நடத்தையின் பெயராகவும் கொண்டனர். மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், நாள்தோறும் நீராடாதவன், தோற்செருப்புடன் வீட்டினுள் நடப்பவன், கீழோர் எனப்பட்டவரோடு கூசாமல் உடனிருந்து உண்பவன், இவையனைத்தும் சேர்ந்த ஒருவனே பரங்கி. ‘கயவன்’ என்று நாம் சொல்லும்போது அவன் எந்த ஊரான் என்று கேட்பதில்லை அல்லவா? ஏறக்குறைய அத்தகைய சொல்லாக இது மாறியிருந்தது.

இவ்விகழ்ச்சியில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், இந்தியாவிலிருந்த போர்ச்சுக்கீசிய அதிகாரிகளைக் குறித்து 1545இல் தம் நண்பருக்கு எழுதிய மடலில் மனம் நொந்து பேசுகிறார். இலத்தீனில் ‘பறித்தல்’ என்னும் பொருளுள்ள வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, இங்கு வருவோர் அதனை எல்லாக் காலங்களிலும் வடிவங்களிலும் திரித்துப் பயில்கின்றனர் என்று கசப்போடு நகைக்கிறார். இலக்கண வகுப்பின் நினைவைக் கொண்டு இதனினும் கூர்மையான கண்டனம் எழுதியவரைக் காண்பதரிது. திருட்டும் குடியும் வன்முறையும் பரங்கியின் இலக்கணமாகத் தோன்றியதென்றால், அதற்குப் பரங்கியரும் பொறுப்பாளிகளே.

ஆயினும் அச்சொல்லுக்குள் இரு வேறு இகழ்ச்சிகள் பின்னிக் கிடந்தன என்பதை நாம் பிரித்தறிய வேண்டும். ஒன்று, மெய்யாகவே பழிக்கத்தக்க செயல்களின்மேல் எழுந்த அறச்சினம். மற்றொன்று, இன்னாரோடு உண்ணலாகாது, இன்னாரைத் தொடலாகாது என்னும் சாதி வழக்கிலிருந்து எழுந்த அருவருப்பு. கொள்ளையடித்ததற்காகப் பரங்கியை வெறுத்தவர் சிலர். பறையரோடு அமர்ந்து உண்டதற்காக வெறுத்தவர் பலர். மதுரையின் மேற்குலத்தாருக்கு இரண்டாவதே பெருங்குற்றமாகத் தோன்றியது. இலங்கையின் ‘இராஜாவலிய’ என்னும் வரலாற்று நூல், 1505ஆம் ஆண்டளவில் கொழும்பில் இறங்கிய அயலாரைப் பற்றி மன்னனுக்குக் கூறப்பட்ட செய்தியைக் குறிக்கிறது: கல்லைத் தின்று குருதியைக் குடிக்கிறார்கள் என்பது அச்செய்தி. ரொட்டியும் திராட்சை இரசமும் அவ்வாறு தோன்றின. அறியாமை அச்சமாகி, அச்சம் இகழ்ச்சியாவதற்கு இது ஒரு சான்று. அத்துடன், நம் திருப்பலிப் பீடத்தின் அப்பமும் இரசமும் அயலான் கண்ணுக்கு எவ்வாறு தெரிந்தன என்பதற்கும் இது சான்று.

மதுரையில் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கொன்சாலோ பெர்ணாந்து என்னும் போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி குடியேறினார். முன்னாளில் போர்வீரராக இருந்தவர், முதியவர், பக்தியும் உழைப்பும் உடையவர். சிறு கோவிலொன்றும் பள்ளிக்கூடமும் மருத்துவ இல்லமும் அமைத்தார். கடற்கரையிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்த பரதவக் கிறிஸ்தவருக்கு மறைப்பணி ஆற்றினார். ஆனால் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தும் மதுரைக் குடிகளுள் ஒருவரையேனும் அவரால் திருமறையில் சேர்க்க இயலவில்லை. மறைக்கு வருவோரிடம் கேட்கப்பட்ட வினாவை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். பரங்கியரின் குலத்தில் புக விருப்பமா என்னும் பொருள்பட அவ்வினா அமைந்திருந்தது. கேட்டவர் ‘கிறிஸ்தவராக விருப்பமா’ என்று கேட்பதாகவே நினைத்தார். கேட்கப்பட்டவர் செவியிலோ, ‘உன் குலத்தையும் ஒழுக்கத்தையும் விட்டு, குடியும் புலாலும் உள்ள இழிகுலத்தில் விழ விருப்பமா’ என்று ஒலித்தது. ஒரே வினா, கேட்டவர் பொருள் ஒன்று, கொண்டவர் பொருள் வேறு. மொழிபெயர்ப்புப் பிழைகளால் நேர்ந்த இழப்புகளை ஒரு பட்டியலாக எழுதினால், இதற்கு அதில் முதலிடம் தரலாம்.

1606ஆம் ஆண்டு நவம்பரில் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இதனைக் கண்டுகொண்டார். ரோமாபுரியில் 1577இல் உயர்குடியில் பிறந்த இத்தாலியர் அவர். தமிழைக் கற்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே, தடை வேதத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது என்று உணர்ந்தார். காவியுடை தரித்தார், மரப்பாதக்குறடு அணிந்தார், புலாலை நீக்கி ஒருவேளை மட்டும் சோறும் கீரையும் உண்டார், பிராமணர் தெருவையடுத்துத் தனி இல்லம் கொண்டார். ‘தத்துவ போதகர்’ என்ற பெயர் பூண்டார். சர்வேசுரன், பூசை, குரு என்றெல்லாம் தமிழ்ச் செவிக்கு இசைந்த சொற்களைத் தேடித் தேடி அமைத்தார். தம் வேதத்தின் மேல் சுமத்தப்பட்ட பழிகளை மறுக்க அவர் எழுதிய நூலுக்கு ‘தூஷணத் திக்காரம்’ என்று பெயர். பழிச்சொல்லோடு போராடுவதே தம் பணியின் பாதி என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் செய்த செயல்களுள் என் சிந்தையை மிகுதியும் ஈர்ப்பது அவருடைய ஓலையே. தாம் பரங்கியல்லர் என்றும், பரங்கியரின் நாட்டில் பிறந்தவரல்லர் என்றும், ரோமாபுரியில் இந்நாட்டு அரச குடியினர்க்கு ஒப்பான குலத்தில் தோன்றியவர் என்றும், தாம் போதிக்கும் வேதம் பரங்கிகளுக்கு மட்டும் உரியதன்று என்றும், அதனை ஏற்போர் தம் குலத்தை இழக்க வேண்டுவதில்லை என்றும் ஓலையில் எழுதித் தம் இல்லத்தின் வாயிலில் ஒட்டினார். அது உண்மையா, பொய்யா? ‘பரங்கி’ என்பது போர்ச்சுக்கீசியரைக் குறிக்குமாயின், இத்தாலியராகிய அவர் கூற்று முற்றிலும் உண்மை. இழிந்த ஒழுக்கத்தைக் குறிக்குமாயினும் உண்மையே. அவரினும் கடிய நோன்பு நோற்றவர் மதுரையில் சிலரே இருந்திருப்பர். ஆனால் அரபியர் முதன்முதல் சொன்ன பொருளில், மேலை நாட்டுக் கிறிஸ்தவர் எவரையும் அது குறிக்குமாயின்? அங்கேதான் அவருடைய ஓலை சற்றுத் தடுமாறுகிறது. ஒரு சொல்லின் மூன்று பொருள்களுள் இரண்டைக் கையில் எடுத்து மூன்றாவதை மறைவில் வைத்தார் என்று அவருடைய எதிர்ப்பாளர் கூறினர். அவரைப் பெரிதும் மதிப்பவன் நான். எனினும் அக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட என்னால் இயலவில்லை.

அவ்வோலையைப் படித்திருக்கக்கூடிய மற்றொருவரையும் எண்ணிப் பாருங்கள். அதே நகரில், அதே சபையைச் சார்ந்த, அதே திருப்பலியை நிறைவேற்றிய முதியவர் பெர்ணாந்து. நொபிலி ‘நான் பரங்கி அல்லேன்’ என்று எழுதிய அக்கணமே, ‘பரங்கி அவர்தாம்’ என்பது எழுதாமலே எழுதப்பட்டுவிட்டது. பெர்ணாந்து அறிவிலி அல்லர். தமிழகச் சமயச் சடங்குகளைப் பற்றி 1616இல் விரிவானதொரு நூலை எழுதியவர் அவர். ஆனால் நம் வரலாற்றாசிரியர் பலரும் நொபிலியின் ஒளியைக் காட்டுவதற்கு அவரை ஒரு நிழலாகவே பயன்படுத்தியிருக்கின்றனர். 1610இல் அவர் மேலிடத்திற்கு விடுத்த முறையீட்டில் பொறாமை கலந்திருக்கலாம். ஆயினும், ஒரே நகரில் இரு கோவில்கள், இரு வகைக் குருக்கள், ஒருவரோடொருவர் கலவாத இரு வகை விசுவாசிகள், இவர்கள் இரு வேறு சமயத்தார் போலன்றோ வாழ்கின்றனர் என்று அவர் எழுப்பிய வினா பொறாமையால் பிறந்ததன்று. அவ்வினாவுக்கு அன்று எவரும் நேரிய விடை கூறவில்லை.

வழக்கு நீண்டது. பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயக் குறிகளா, குலக் குறிகளா என்பதே ஏட்டளவில் விவாதப் பொருள். நொபிலி 1610, 1613, 1619 ஆகிய ஆண்டுகளில் இலத்தீனில் விரிவான விளக்கங்களை எழுதினார். 1619இல் கோவாவில் கூடிய பேரவையில் பேராயர் முதலானோர் அவரைக் கடிந்தனர். அவருடைய உறவினரான கர்தினால் பெல்லார்மீனே தொடக்கத்தில் வருந்தி எழுதி, விளக்கம் பெற்ற பின்னரே மனம் தெளிந்தார். இறுதியில் 1623 சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் முறைக்கு இசைவளித்தார். நம் பாடநூல்கள் இவ்விசைவை வெற்றி என்று எழுதி, அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. அதே ஆவணத்தில் திருத்தந்தை, உயர்குலத்தார் எனத் தம்மைக் கருதுவோர் தாழ்நிலையில் பிறந்தோரை இகழலாகாது என்று மன்றாடிக் கேட்டிருப்பதை அவை பெரும்பாலும் குறிப்பதில்லை. இசைவு நிறைவேறியது, மன்றாட்டு ஏட்டில் தங்கியது.

ஏன் தங்கியது? நாம் முன்னர்ப் பிரித்தறிந்த இரு இகழ்ச்சிகளை இங்கே நினைவுகூர வேண்டும். ‘பரங்கி’ என்னும் வசையில் பெரும் பங்கு, பறையரோடு உண்பவன் என்பதே. அவ்வசையைத் தம்மேலிருந்து அகற்ற விரும்பிய குரு, பறையரோடு உண்ணாதவராக வாழ்ந்து காட்ட வேண்டியிருந்தது. ‘நான் பரங்கி அல்லேன்’ என்ற மறுப்புக்குள், ‘பரங்கி இகழத்தக்கவனே’ என்ற ஒப்புதலும், ‘அவன் இகழத்தக்கவனாவது இன்னாரோடு சேர்ந்தமையால்’ என்ற ஒப்புதலும் அடங்கியிருந்தன. கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர் தம்மேல் வீசப்பட்ட சேற்றைக் கழுவிக்கொண்டார். அச்சேறு எந்த மக்களின் பெயரால் குழைக்கப்பட்டதோ, அம்மக்கள்மேல் அது முன்னிருந்தவாறே இருந்தது. இப்போது திருச்சபைக்குள்ளும் இருந்தது. நொபிலியின் நோக்கம் இதுவென்று நான் சொல்லவில்லை. மேற்குலத்தாரிடம் தொடங்கிய ஒளி மெல்லக் கீழிறங்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். 1640ஆம் ஆண்டளவில், தாழ்த்தப்பட்ட மக்களிடமும் சென்று பழகக்கூடிய ‘பண்டாரசாமிகள்’ என்னும் குருமுறை தோன்றியபோது, பல்தசார் தா கோஸ்தா முதலியோர் ஆயிரக்கணக்கானோரை மறையில் சேர்த்தனர். 1693இல் ஓரியூரில் குருதி சிந்திய புனித அருளானந்தரும் பண்டாரசாமியே. அவர் போர்ச்சுக்கீசியர் என்பதையும் நினைவிற்கொள்க. எனினும், ஒரு சாராருக்கு ஐயரும் மறு சாராருக்குப் பண்டாரமும் என்று குருக்களையே வகுத்தது, வசையை அகற்றிய வழியன்று. வசைக்கு இடம் ஒதுக்கிய வழியே.

1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணைகளுள் ஒன்று, நோயுற்ற பறையரின் குடிசைக்குள் சென்று குருக்கள் அருட்சாதனம் வழங்க வேண்டும் என்பது. இவ்வாறு ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. சாகும் தறுவாயிலும் வாசற்படியைக் கடக்கத் தயங்கிய குரு கல்நெஞ்சராக இருந்திருக்க வேண்டுவதில்லை. கடந்தால் மறுநாள் தம்மைப் பரங்கி என்பார்களே என்று அஞ்சியவராக இருக்கலாம். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணை இவ்வழக்கை முடித்தபோது, பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்குவதாக இயேசு சபையார் முன்வந்ததும் ஏற்கப்பட்டது. அதன் பின்னரும் சுவர்கள் நின்றன. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துத் திருக்குடும்பக் கோவில், இரு சாதியார் ஒருவரையொருவர் காணாமல் திருப்பலி காணும் பொருட்டு, காற்சட்டையின் இரு கால்கள் போல இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. அங்கிருந்த தடுப்புச் சுவர் 1910இல்தான் அகற்றப்பட்டது. அங்கே பிரிந்து நின்றவர்களுள் பரங்கி ஒருவரும் இல்லை. எல்லாரும் தமிழரே.

இவ்விடத்தில் யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தை எண்ணாமல் இருக்க முடியவில்லை. எருசலேம் கோவிலில் ஆண்டவரை எதிர்த்தோர் அவர்மேல் இரு வசைகளை ஒருங்கே வீசுகின்றனர்: சமாரியன் என்பது ஒன்று, பேய் பிடித்தவன் என்பது மற்றொன்று. சமாரியன் என்பது அன்று யூதர் நாவில் இனப்பெயராகவும் வசைப்பெயராகவும் வழங்கியது. நம் ‘பரங்கி’யைப் போலவே, தீட்டுக்குரியவன், கலப்பானவன், நெறி பிறழ்ந்தவன் என்னும் பொருள்கள் அதில் செறிந்திருந்தன. ஆண்டவர் விடையிறுக்கும்போது, தமக்குப் பேய் பிடிக்கவில்லை என்று மறுக்கிறார். மற்றொன்றை மறுக்கவே இல்லை. கலிலேயராகிய அவர் சமாரியரல்லர் என்பது கேட்டோர் அனைவரும் அறிந்ததே. ஒரு சொல்லால் மறுத்திருக்கலாம். புனித அகுஸ்தீனார் இம்மௌனத்தைக் கண்டு, சமாரியன் என்னும் சொல்லுக்குக் காவலன் என்றொரு பொருள் உண்டாகையால் மறுக்கவில்லை என்று விளக்கினார். அழகிய விளக்கம்தான். ஆனால் அதனினும் எளிய காரணமொன்று உண்டென எனக்குத் தோன்றுகிறது. ‘நான் சமாரியன் அல்லேன்’ என்று சொல்லியிருந்தால், சீக்கார் ஊர்க் கிணற்றடியில் அவர் தண்ணீர் கேட்ட பெண்ணின் முகத்தில் அச்சொல் போய்ப் பட்டிருக்கும்.

இனிப் ‘பரங்கி’யின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படைகளும் பிரெஞ்சுப் படைகளும் கருநாடகச் சீமையெங்கும் திரிந்தபோது, ரோமாபுரித் துறவியரும் அப்படையினரும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதை மக்கள் கண்டுகொண்டனர் என்றும், அதனால் மதிப்புக் குன்றியதென்றும் அபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு 1823இல் வெளியிட்ட கடிதங்களில் வருந்துகிறார். பல தலைமுறையாகக் காத்து வந்த மறைப்பு, பீரங்கி ஓசையில் கலைந்தது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கில இந்தியச் சொற்களஞ்சியம், ஐரோப்பியரைக் குறித்து இந்தியர் இச்சொல்லை ஆளும்போது பகைமையோ இளக்காரமோ தொனிப்பதைக் குறித்து வைத்திருக்கிறது. விடுதலைப் போராட்டக் காலத்தில் பாரதியார் தம் பாடலொன்றில் இதனைத் ‘துரை’ என்னும் மரியாதைச் சொல்லுக்கு எதிரே நிறுத்தி, பழைய வசைக்குப் புதிய மிடுக்கை ஏற்றினார். இலங்கையில் போர்ச்சுக்கீசிய, ஒல்லாந்த வழியினரைப் பறங்கியர் என்று அரசாங்கமே எழுதுகிறது. வல்லின றகரத்தோடு எழுதினாலும் அதில் வன்மை ஏதுமில்லை. அது ஒரு சமூகத்தின் பெயர், அவ்வளவே. ஆள்வோர் போனபின் வசையும் போயிற்று. வலியவரைச் சுட்டிய வசைச்சொற்கள் பொதுவாக இவ்வாறே நோயின்றி மூப்படைந்து மறைகின்றன.

ஆனால் கப்பல் வெறுங்கையோடு திரும்பவில்லை. பரங்கி என்ற பெயரைப் பெற்ற அதே போர்ச்சுக்கீசியர், இங்கிருந்து வேறொரு சொல்லை எடுத்துச் சென்றனர். 1516ஆம் ஆண்டளவில் துவார்த்தே பார்போசா தம் பயணக் குறிப்பில் பறையரின் பெயரைப் பதிந்தார். மூன்று நூற்றாண்டுகளுக்குள் அது ‘பாரியா’ என உருமாறி, எவரும் தீண்டாமல் ஒதுக்கப்பட்டவன் என்னும் பொதுச்சொல்லாக ஐரோப்பிய மொழிகளில் புகுந்துவிட்டது. 1821இல் தெலவீஞ் என்னும் பிரெஞ்சுக் கவிஞர் அப்பெயரில் ஒரு நாடகம் இயற்றினார். 1829இல் தொனிசெத்தி என்னும் இத்தாலிய இசைவாணர் அதே பெயரில் இசை நாடகம் அமைத்தார். அவற்றைக் கண்டு கண்ணீர் விட்ட அவையோரில் எத்தனை பேர் அது தமிழ்நாட்டில் வாழும் மக்களின் பெயர் என்று அறிந்தனரோ! இன்றும் ஆங்கில நாளேடுகள், உலக நாடுகளால் ஒதுக்கப்பட்ட அரசைச் சுட்ட அச்சொல்லையே வழங்குகின்றன. அதனை எழுதும் செய்தியாளர் எவரையும் இகழ எண்ணுவதில்லை. தெருவோர நாய்க்கும் ஆங்கிலேயர் அதே பெயரை இட்டனர். மெலியவரின் பெயரில் பிறந்த வசைக்கு மூப்பில்லை போலும்.

நொபிலி முதுமையில் பார்வை மங்கினார். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மயிலாப்பூருக்கு வந்தார். மயிலாப்பூர் அந்நாளில் போர்ச்சுக்கீசியரின் நகரம். ஊருக்குப் புறத்தே ஒரு குடிசையில், சோறும் கீரையும் உண்ணும் நோன்பை விடாது, 1656 சனவரி 16ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அவ்விடத்திலிருந்து தென்மேற்கே சில கல் தொலைவில் இருக்கிறது பரங்கிமலை.